குளிரால் மூளையைக் காத்தல்
இரத்த ஓட்டத்தை நிறுத்திச் செய்யும் அறுவைச் சிகிச்சையின் தத்துவமும் வரலாறும்

உடலின் ஓர் உறுப்பை அறுத்துச் சீர் செய்ய வேண்டுமாயின், அதற்குச் செல்லும் இரத்தத்தைச் சிறிது நேரம் தடுத்து வைப்பது அறுவை மருத்துவத்தில் பழமையான வழக்கம். கையையோ காலையோ இறுகக் கட்டி ஒரு மணி நேரம் இரத்தமின்றி வைத்திருக்கலாம். கட்டை அவிழ்த்த பின் அது பழைய நிலைக்கு மீளும். மூளைக்கு இச்சலுகை இல்லை. இரத்தம் நின்ற பத்து வினாடிகளுக்குள் மனிதன் நினைவிழக்கிறான். நான்கைந்து நிமிடங்கள் கடந்தால் மூளையின் நரம்பணுக்கள் மீளாத சேதம் அடையத் தொடங்குகின்றன. இதயத்திலும் பெருங்குழாய்களிலும் ஏற்படும் சில பழுதுகளை நீக்கவோ அரை மணி நேரம் இரத்த ஓட்டம் முற்றிலும் நிற்க வேண்டும். இவ்விரு காலங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை மருத்துவ விஞ்ஞானம் குளிரின் துணையால் கடந்துள்ளது. அது எவ்வாறு இயன்றது, அதன் எல்லை யாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மூளையின் தேவை

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. இது உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆகும். ஆயினும் ஓய்வு நிலையில் உடல் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை மூளையே செலவிடுகிறது. ஒவ்வொரு 100 கிராம் மூளைத் திசுவிற்கும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. மூளை முழுவதற்கும் கணக்கிட்டால் நிமிடத்திற்கு 700 மில்லிலிட்டர் ஆகும்.

தசையும் கல்லீரலும் தமக்கு வேண்டிய எரிபொருளை ஓரளவு சேமித்து வைத்துக்கொள்கின்றன. மூளையிடம் சேமிப்பு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. அன்றாடங்காய்ச்சியின் இல்லம் போல, வரவு நின்றவுடன் செலவும் நின்றுபோகிறது. நரம்பணு தன்னுள் பொட்டாசியத்தைத் தேக்கியும் சோடியத்தை வெளியேற்றியும் வைத்திருப்பதற்கே தன் ஆற்றலில் பெரும் பகுதியைச் செலவிடுகிறது. ஆற்றல் தீர்ந்ததும் இந்த ஏற்பாடு குலைகிறது. சோடியமும் நீரும் அணுவினுள் புகுந்து அதை வீங்கச் செய்கின்றன. குளூட்டமேட் என்னும் பொருள் அளவு மீறி வெளிப்பட்டு அண்டை அணுக்களைத் தூண்டுகிறது. அத்தூண்டுதலால் கால்சியம் உள்ளே பெருகி, அணுவின் புரதங்களையும் சவ்வுகளையும் சிதைக்கும் வினைகளைத் தொடங்கி வைக்கிறது. இரத்தம் மீண்டும் பாய்ந்தாலும் இவ்வினைகள் உடனே நிற்பதில்லை.

குளிர் காக்கும் விதம்

உயிருள்ள திசுக்களில் நிகழும் இரசாயன வினைகள் வெப்பம் குறையக் குறைய மந்தமடையும். மூளையைப் பொறுத்தவரை, வெப்பநிலை 10 டிகிரி குறையும்போது பிராணவாயுத் தேவை ஏறத்தாழ 2.3 மடங்கு குறைகிறது. 1999-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மௌண்ட் சினாய் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அறுவைச் சிகிச்சை பெற்ற நோயாளிகளிடம் அளந்து கண்ட மதிப்பு இது. இயல்பான 37 டிகிரியில் மூளை ஐந்து நிமிடம் இரத்தமின்றித் தாங்கும் என்று கொண்டு, அவர்கள் பின்வரும் கணக்கைத் தந்தனர். வெப்பநிலைகள் சென்டிகிரேடு அளவில் குறிக்கப்பட்டுள்ளன.

37 டிகிரி: தேவை 100 பங்கு, தாங்கும் காலம் 5 நிமிடம்
30 டிகிரி: தேவை 56 பங்கு, தாங்கும் காலம் 9 நிமிடம்
25 டிகிரி: தேவை 37 பங்கு, தாங்கும் காலம் 14 நிமிடம்
20 டிகிரி: தேவை 24 பங்கு, தாங்கும் காலம் 21 நிமிடம்
15 டிகிரி: தேவை 16 பங்கு, தாங்கும் காலம் 31 நிமிடம்
10 டிகிரி: தேவை 11 பங்கு, தாங்கும் காலம் 45 நிமிடம்

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, 15 டிகிரியிலும் மூளையின் தேவை முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆறில் ஒரு பங்கு எஞ்சி நிற்கிறது. குளிர் காலத்தை நீட்டித் தருகிறதேயன்றிக் காலத்தை நிறுத்தி வைப்பதில்லை. இரண்டாவது, இவை மதிப்பீடுகளே. ஒரு நோயாளிக்கும் மற்றொரு நோயாளிக்கும் வேறுபாடு உண்டாகையால், அறுவை மருத்துவர் இக்காலத்தின் கடைசி நிமிடம் வரை செல்ல விரும்புவதில்லை.

தேவையைக் குறைப்பதோடு குளிரின் பணி முடிந்துவிடவில்லை. குளூட்டமேட்டின் மிகை வெளிப்பாட்டையும் அது தடுக்கிறது; அணுச்சவ்வின் கசிவையும், பின்னர் தோன்றும் அழற்சியையும் தணிக்கிறது. ஆகவேதான் இரண்டு மூன்று டிகிரிக் குறைவும் சில வேளைகளில் கணக்கிற்கு மேற்பட்ட நன்மை தருகிறது.

வரலாறு

கனடா நாட்டின் டொரொண்டோ நகரில் வில்பிரட் பிகலோ என்னும் அறுவை மருத்துவர், உடலைக் குளிர்வித்தால் இதயத்தைத் திறந்து சிகிச்சை செய்யலாம் என்று கருதி நாய்களிடம் சோதனைகள் நடத்தினார். குளிர்விக்கும்போது பிராணவாயுச் செலவு குறையும் என எதிர்பார்த்த இடத்தில், முன்னைய ஆய்வாளர்கள் அது கூடுவதைக் கண்டிருந்தனர். குளிரால் ஏற்படும் நடுக்கமே இதற்குக் காரணம் என்பதைப் பிகலோ குழுவினர் விளக்கினர். மயக்க மருந்தால் நடுக்கத்தை அடக்கிய பின் குளிர்வித்தபோது, வெப்பநிலையோடு பிராணவாயுச் செலவும் சீராகக் குறைந்தது. இவ்வாய்வு 1950-இல் வெளியாயிற்று.

1952-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் என்பவர் இம்முறையை மனிதரிடம் கையாண்டார். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் இதய மேலறைகளுக்கு இடையே இருந்த துளையை மூட வேண்டியிருந்தது. அவளது உடலை வெளிப்புறமாகக் குளிர்வித்து 28 டிகிரிக்குக் கொணர்ந்து, இதயத்திற்கு வரும் இரத்தத்தை ஐந்தரை நிமிடம் தடுத்து, துளையைத் தைத்து மூடினார். சிறுமி பிழைத்தாள்.

ஆயினும் வெளிப்புறக் குளிரூட்டலுக்கு ஓர் எல்லை இருந்தது. 28 டிகிரிக்குக் கீழே செல்லும்போது இதயம் தாளம் தவறி வீணே துடிதுடிக்கத் தொடங்கும். இரத்தத்தை உந்தும் வேலை நின்றுவிடும். 28 டிகிரியில் கிடைக்கும் அவகாசமோ பத்து நிமிடத்தைச் சுற்றியே அமையும். சிறு துளையைத் தைக்க அது போதும். சிக்கலான பழுதுகளுக்குப் போதாது.

இத்தடையை நீக்கியது இதய-நுரையீரல் இயந்திரம். 1953-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் இவ்வியந்திரத்தைக் கொண்டு முதன்முதலில் வெற்றி கண்டார். இயந்திரம் இரத்தத்தை உந்தும்போது இதயம் துடிக்கிறதா இல்லையா என்ற கவலை இல்லை. ஆகவே இயந்திரத்தின் குழாய் வழியில் ஒரு வெப்பமாற்றியை இணைத்து, இரத்தத்தையே குளிர்வித்து உடலுக்குள் செலுத்தி, மிகத் தாழ்ந்த வெப்பநிலையை அடைய வழி பிறந்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் சார்லஸ் ட்ரூ, நோயாளியின் சொந்த நுரையீரலையே இரத்தத்தில் பிராணவாயு ஏற்றப் பயன்படுத்தி, ஆழ்ந்த குளிரூட்டலும் ஓட்ட நிறுத்தமும் சேர்ந்த முறையை 1959-இல் வெளியிட்டார். 1960-களின் இறுதியிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில் பிரையன் பாரட்-பாய்ஸ் கைக்குழந்தைகளின் பிறவி இதயக் கோளாறுகளுக்கு இம்முறையைப் பரவலாகக் கையாண்டார். 1975-இல் ஸ்டான்போர்டைச் சேர்ந்த ராண்டல் கிரீப் என்பவர் மகாதமனி வளைவை மாற்றும் அறுவையில் இதைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்ட பின், வளர்ந்தோருக்கான சிகிச்சையிலும் இது நிலைபெற்றது.

எத்தகைய நோய்களுக்கு?

இதயத்தில் மட்டும் வேலை இருந்தால், இயந்திரம் உடலுக்கும் மூளைக்கும் இரத்தத்தைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். ஓட்டத்தை நிறுத்த வேண்டுவதில்லை. மகாதமனி வளைவில் பழுது ஏற்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி மேலெழுந்து வளைந்து கீழிறங்குகிறது. அவ்வளைவின் முகட்டிலிருந்தே தலைக்கும் கைகளுக்கும் செல்லும் கிளைகள் பிரிகின்றன. வளைவு பலூன் போல் விரிந்துவிட்டாலோ, அதன் உட்சுவர் கிழிந்து இரத்தம் சுவரடுக்குகளுக்கு இடையே புகுந்துவிட்டாலோ, அப்பகுதியை வெட்டி எடுத்துச் செயற்கைக் குழாயைப் பொருத்த வேண்டும். சுவர் கிழிந்த நோயாளிக்குச் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்தைக் கூட்டும். ஊருக்கு நீர் வழங்கும் தலைமைக் குழாயையே மாற்றும்போது மதகை அடைத்தாக வேண்டுவது போல, இங்கு மூளைக்கான இரத்தமும் நிற்க நேர்கிறது.

நுரையீரல் தமனிகளில் நாட்பட உறைந்து ஒட்டிய கட்டிகளை உரித்தெடுக்கும் அறுவை மற்றொன்று. அமெரிக்காவின் சான் டியேகோவில் வளர்ச்சி பெற்ற இம்முறையில், ஓட்ட நிறுத்தம் ஒரு தடவைக்கு 20 நிமிடத்திற்கு மேற்படாதவாறு வரையறுக்கப்படுகிறது. வேலை முடியாவிடில் இரத்தத்தை மீண்டும் ஓடவிட்டுப் பின்னர் தொடர்கின்றனர். பச்சிளங் குழந்தைகளின் மகாதமனி வளைவுக் குறைபாடுகளும், மூளைக்குள்ளேயே தோன்றும் சில பெரிய தமனி வீக்கங்களும் இம்முறையால் சிகிச்சை பெற்றுள்ளன.

செய்முறை

நோயாளி மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டபின், இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தப்படுகிறது. பெருஞ்சிரையிலிருந்து இரத்தம் இயந்திரத்திற்கு வந்து, பிராணவாயு பெற்று, வெப்பமாற்றியில் குளிர்ந்து, தமனிக்குத் திரும்புகிறது. அவசரமாகக் குளிர்வித்தால் இரத்தம் குளிர்ந்தும் மூளையின் உட்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கக்கூடும். ஆகையால் அரை மணி நேரமளவு சீராகக் குளிர்விப்பது வழக்கம். மூக்கின் பின்புறத்திலும் சிறுநீர்ப்பையிலும் வெப்பமானிகள் வைக்கப்படுகின்றன. தலையைச் சுற்றிலும் பனிக்கட்டிப் பைகளை அடுக்குவதும் உண்டு. மூளை மின்னலைப் பதிவு செய்யும் நிலையங்களில், அலைகள் முற்றிலும் அடங்கிக் கோடு நேராகும் வரை காத்திருக்கின்றனர்.

குளிர்ந்த இரத்தம் கெட்டிப்படும். மார்கழி மாதத்துத் தேங்காயெண்ணெய் போல அதன் ஓட்டம் தடைப்படும். இதைத் தவிர்க்க இரத்தத்தை உப்பு நீர்க் கரைசல்களால் ஓரளவு நீர்க்கச் செய்கின்றனர். மேலும் குளிர்ந்த நீர்மத்தில் வாயுக்கள் மிகுதியாகக் கரையுமாதலால், கரியமில வாயுவின் அழுத்தமும் இரத்தத்தின் அமில-காரச் சமநிலையும் மாறுகின்றன. இம்மாறுதலை அப்படியே விட்டுவிடுவது ஒரு முறை. கரியமில வாயுவைச் சேர்த்து ஈடுசெய்வது மற்றொரு முறை. சேர்க்கும்போது மூளையின் குழாய்கள் விரிந்து குளிர் சீராகப் பரவும். ஆனால் குழாய்ச் சுவரிலிருந்து பெயரும் துணுக்குகளும் அதே பெருக்கில் மூளையை அடையக்கூடும். ஆதலால் குழந்தைகளுக்குச் சேர்க்கும் முறையும், தமனி தடித்த முதியோர்க்குச் சேர்க்காத முறையும் பெரும்பாலும் விரும்பப்படுகின்றன.

வேண்டிய குளிர் எய்தியதும் இயந்திரம் நிறுத்தப்படுகிறது. நோயாளியின் இரத்தத்தில் ஒரு பகுதி இயந்திரத் தொட்டியில் வடிகிறது. இதயம் அசைவதில்லை, மூச்சு இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. அறையிலுள்ள கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை உரக்கச் சொல்ல ஒருவர் நியமிக்கப்படுகிறார். அசைவும் இரத்தமும் அற்ற அவ்விடத்தில் மருத்துவர் தையலை முடிக்கிறார். காற்றுக் குமிழிகள் மூளைக்குச் செல்லாதிருக்கத் தலைப்பகுதியைத் தாழ்த்தி வைத்து, குழாய்களை இரத்தத்தால் நிரப்பியபின் ஓட்டம் மீண்டும் தொடங்குகிறது.

சூடேற்றுவதில் குளிர்விப்பதைவிட மிகுந்த நிதானம் வேண்டும். இரத்தத்திற்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு 10 டிகிரியைத் தாண்டாமலும், செல்லும் இரத்தம் 37 டிகிரிக்கு மேற்படாமலும் காக்கப்படுகிறது. அப்போதுதான் பசியிலிருந்து மீண்ட மூளை மிகை வெப்பத்தால் கெடுவதில்லை. கரைந்திருந்த வாயுக்களும் குமிழிகளாகப் பிரிவதில்லை.

விலையும் எல்லையும்

இப்பாதுகாப்பு விலையின்றிக் கிடைப்பதன்று. குளிரால் இரத்தத் தட்டணுக்களும் உறைவுப் பொருள்களும் செயல் குன்றுவதால் பின்னர் இரத்தக் கசிவு மிகும். இயந்திர நேரம் நீள்கிறது. பக்கவாதம், வலிப்பு, நினைவுக் குறைவு ஆகியன சிலரிடம் தோன்றுகின்றன.

உயிர் பிழைத்தால் போதுமா, பிழைத்த குழந்தை எவ்வாறு வளர்கிறது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நிகழ்ந்த ஆய்வு விடை தேடியது. பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகள் 1988 முதல் 1992 வரை அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பெரும்பாலும் ஓட்ட நிறுத்தமும், மற்றப் பிரிவினருக்குக் குறைந்த அளவு ஓட்டமும் கையாளப்பட்டன. ஓட்ட நிறுத்தம் பெற்றோரிடம் வலிப்பு மிகுதியாகக் காணப்பட்டது. ஓராண்டு வயதில் அவர்களது இயக்கத் திறனும் குறைந்திருந்தது. எட்டு வயதில் மீண்டும் சோதித்தபோது இரு பிரிவினரிடமும் சில குறைகள் தென்பட்டன. நிறுத்தம் ஏறத்தாழ 41 நிமிடத்தைக் கடந்தபின் தீங்கு படிப்படியாக மிகுவதும் தெரிந்தது. பட்டியலில் உள்ள நிமிடங்களைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதற்கு இக்குழந்தைகளே சான்று.

இதன் விளைவாக, உடலுக்கு ஓட்டத்தை நிறுத்தினாலும் மூளைக்கு மட்டும் சிறிதளவு குளிர்ந்த இரத்தத்தை அனுப்பும் முறை பரவியது. மூளைக்குத் தனியே இரத்தம் செலுத்தும் எண்ணம் புதிதன்று. 1957-இலேயே ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி குழுவினர் அதைக் கையாண்டிருந்தனர். பிற்காலத்தில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அது செம்மை பெற்றது. வலது தோள்வழித் தமனி மூலம், உடல் எடையில் ஒரு கிலோவிற்கு நிமிடத்திற்குச் சுமார் 10 மில்லிலிட்டர் அளவில் இரத்தம் செலுத்தப்படுகிறது. இத்துணையிருப்பதால், 18 டிகிரிக்குப் பதிலாக 25 டிகிரியை ஒட்டிய மிதமான குளிரே பல நிலையங்களில் போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. எனினும் மூளையின் அடிப்பகுதியில் இரு பக்கத் தமனிகளையும் இணைக்கும் வளையம் எல்லோரிடமும் முழுமையாக அமைவதில்லை. ஆதலால் இரு பக்க மூளையின் பிராணவாயு நிலையையும் நெற்றியில் ஒட்டிய ஒளிக்கருவியால் இடைவிடாது கவனிக்கின்றனர்.

களப்பணியாளர் அறிய வேண்டுவது

“குளிர் மூளையைக் காக்கும்” என்ற செய்தியை அரைகுறையாகக் கேட்டவர்கள் அதைத் தவறாகக் கையாளக்கூடும். அறுவைக் கூடத்தில் குளிர் முன்னே வருகிறது. ஓட்ட நிறுத்தம் பின்னே வருகிறது. மயக்க மருந்து நடுக்கத்தை அடக்குகிறது. இயந்திரம் இரத்தத்தை உந்துகிறது. இவை ஏதுமின்றிச் சேதம் நேர்ந்த பின் உடலைக் குளிர்விப்பது முற்றிலும் வேறு செயலாகும்.

இதற்குத் தக்க சான்று நம் நாட்டிலேயே உண்டு. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளை 72 மணி நேரம் 33 முதல் 34 டிகிரி வரையில் வைத்திருப்பது செல்வ நாடுகளில் ஏற்கப்பட்ட சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்காள தேசம் ஆகிய நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டு, முடிவு 2021-இல் வெளியாயிற்று. குளிர்விக்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேரும், குளிர்விக்கப்படாதோரில் நூற்றுக்கு 31 பேரும் இறந்தனர். ஓரிடத்தில் பயன் தந்த முறை மற்றோரிடத்தில் பயன் தரும் என்று சோதனையின்றிக் கொள்ளலாகாது என்பதை இது உணர்த்துகிறது. ஆகவே கிராமங்களில் பணிபுரியும் தாதிமாரும் சுகாதாரப் பணியாளரும், பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்து, வெதுவெதுப்பாக வைக்கும் வழக்கத்தைச் சிறிதும் தளர்த்தலாகாது.

வகுப்பில் செய்து காட்டத்தக்கவை

1. இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் சம அளவு சர்க்கரைக் கரைசலும் ஈஸ்ட்டும் இட்டு, வாயில் பலூன்களைக் கட்டுக. ஒன்றை வெதுவெதுப்பான நீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டி நீரிலும் நிறுத்துக. முதற் பலூன் உப்புவதையும் இரண்டாவது ஏறத்தாழ அப்படியே இருப்பதையும் மாணவர் காண்பர். பின்னர்க் குளிர்ந்த குப்பியை வெதுவெதுப்பான நீருக்கு மாற்றினால் அதுவும் உப்பத் தொடங்கும். குளிரில் உயிர்வினை மந்தமாயிற்றேயன்றி அழியவில்லை என்பது இதனால் விளங்கும்.

2. குளிர்ந்த சோடாப் புட்டி ஒன்றையும் வெயிலில் வைத்த புட்டி ஒன்றையும் திறந்து, எதில் வாயு விரைந்து வெளியேறுகிறது எனக் காட்டுக. உடலை மெல்லச் சூடேற்ற வேண்டுவதன் காரணங்களுள் ஒன்றை இதனோடு பொருத்திக் கூறலாம்.

3. கணக்கு: வெப்பநிலை 10 டிகிரி குறையும்தோறும் மூளையின் தேவை 2.3-ஆல் வகுபடும் எனில், 27 டிகிரியிலும் 17 டிகிரியிலும் மூளை எத்தனை நிமிடம் தாங்கும்? 37 டிகிரியில் 5 நிமிடம் எனக் கொள்க. (விடை: ஏறத்தாழ பதினொன்றரை நிமிடம், இருபத்தாறரை நிமிடம்.) கண்ட விடைகள் மேற்குறித்த பட்டியலின் எண்களுக்கு இடையே சரியாக அமைகின்றனவா என்று மாணவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.